தெய்வம்மா சொல்லாத மாத்திரை

கீழ் கோத்தகிரி
8.1.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி தெய்வம்மா எழுதுறது. நானும் உங்க மாப்பிள்ளையும் மாரியாத்தா புண்ணியத்துல இருக்கோம். அங்க நீங்க, காத்தாயி மதினி, புள்ளைங்க எல்லாரும் எப்படி இருக்கீங்க? பொகவந்தலாவையில இப்ப கலவரம் கிலவரம் ஒண்ணும் இல்லையே? ரேடியோவுல ஏதாச்சும் சொன்னா எனக்கு அன்னிக்கு சோறு இறங்காது.

போன வாரம் கப்பல்ல வந்த ஆண்டி மாமா, நீங்க குடுத்த மாசிக் கருவாட்டு டின்ன பத்திரமா கொண்டாந்து சேத்தாரு. மாசிக்கு அடியில இருந்த பொட்டலமும் கெடச்சிச்சு. உங்க மாப்பிள்ளை டின்ன தொறந்து மோந்து பாத்துட்டு, "கடல் தாண்டியும் தங்கச்சி வாய்க்கு ருசி அனுப்புற அண்ணன் யாருக்கு வாய்க்கும்"ன்னு ஒரே புகழ்ச்சி. பதினாலு வயசுல தேயிலைக் கொழுந்து மலையில விழுந்து வாயில நுரை தள்ளின நாள்லருந்து முழுங்குற வலிப்பு மாத்திரை அதுக்கு அடியில இருக்குன்னு அந்த மனுசனுக்குத் தெரியாதே. கடைசியா வலிப்பு வந்து ஏழு வருசமாச்சு, ஆனா மாத்திரைய விட்டா வந்துரும். அம்மா சாவுறப்பகூட என் கையப் புடிச்சி, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவாங்க, நான் ஒரு பொய்தான் சொன்னேன், அதக் காப்பாத்து"ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க. இவரு அண்ணன் பொண்டாட்டிய, வலிப்புன்னு தெரிஞ்ச மூணாம் மாசமே பொறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புன குடும்பம் இது.

இப்ப புதுசா ஒரு சங்கடம். கழுத்துல வலது பக்கம் நெல்லிக்கா மாதிரி கட்டி. ஒண்ணா இருந்தது இப்ப மூணாச்சு. எஸ்டேட் டாக்டரு இது கண்டமாலை, நெறியில வர்ற டி.பி.ன்னு சொல்லி நாலு மாசமா மாத்திரை குடுக்குறாரு. கட்டி குறையல. நடந்தா கால் வேற தள்ளாடுது. பல் ஈறும் வீங்கிப்போச்சு. "சிரிச்சா பல்லக் காணோமே, எங்க அடகு வச்ச?"ன்னு உங்க மாப்பிள்ளை கேலி பண்றாரு.

அவரு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிருக்காரு, அதான் மனசு விட்டு எழுதுறேன். படிச்சதும் அடுப்புல போடுங்க. எனக்கு எழுதுறதெல்லாம் பக்கத்து லயத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா பேருக்கே போடுங்க.

உங்க தங்கச்சி
தெய்வம்மா


பொகவந்தலாவை
30.1.1984

அன்புத் தங்கச்சி தெய்வம்மாவுக்கு,

அண்ணன் முத்துவேல் எழுதுறது. இங்க எல்லாரும் சுகமா இருக்கோம். ஒன் மதினிக்குத்தான் கொஞ்சம் மூட்டு வலி, அதுக்கும் காரணம் நான்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. மலை இப்ப அமைதியாத்தான் கெடக்கு. நீ ரேடியோ கேக்குறத நிறுத்து, பாதி வியாதி போயிரும்.

கண்டமாலைக்கெல்லாம் பயப்படாத. நம்ம மேல் லயத்துக் கொர்னேலியஸ் மகளுக்கு வந்து, மருந்து தின்னு, இப்ப அவ கழுத்து கொக்கு மாதிரி இருக்கு. எஸ்டேட் டாக்டரு சொல்றத ஒழுங்காக் கேளு.

மத்த மாத்திரைய மட்டும் ஒரு வேளை விட்றாத. போன வருசம் நம்ம டிஸ்பென்சரிக்குப் புதுசா வந்தவரு பழைய மாத்திரைய மாத்தி இந்த வெள்ளைய குடுத்தாருல்ல, அதுதான் நல்லதாம், அதையே முழுங்கு. டி.பி. மாத்திரையோட சேத்துத் தின்னலாமான்னு அங்க யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத. கேட்டா ஏன் எதுக்குன்னு வரும். மாப்பிள்ளை தங்கமான மனுசன்தான், ஆனா அந்தக் குடும்பத்து ரத்தம்னு ஒண்ணு இருக்கு. அம்மா வாக்கு ஞாபகம் இருக்கட்டும்.

நான் இங்க பிரஜாவுரிமை வாங்கி நின்னுட்டேன், நீயும் அம்மாவும் இந்தியப் பாஸ்போட்டுல போயிட்டீங்க. கிட்ட இருந்தா நானே வந்து ஒன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். இப்ப மாசி அனுப்பத்தான் முடியுது.

அண்ணன்
முத்துவேல்


கீழ் கோத்தகிரி
4.3.1984

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளை ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் புள்ளைகளும் நல்லா இருக்கணும்னு தினமும் கும்பிடுறேன். இங்க தேவைக்கு மழை, தேவைக்கு மேல குளிரு.

மச்சான், தெய்வம்மா கழுத்துக் கட்டி கரையலங்கிறதால நான் லீவு போட்டு கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸுல என் தோள்லயே தூங்குனா. அங்க ஆறுச்சாமின்னு ஒரு கம்பவுண்டரு, "ஏனுங்க, எந்த ஊருங்க, நம்மூருப் பேச்சு மாதிரியே இல்லீங்களே"ன்னு கேட்டாரு. சிலோன்லருந்து வந்தவங்கன்னு சொன்னதும், "அட, நம்ம ஊட்டுப் புள்ளைங்க மாதிரிதானுங்க, வாங்க"ன்னு வரிசையில முன்னாடி நிறுத்திவிட்டாரு. நல்ல மனுசன்.

வார்டு டாக்டரு ஊசி குத்தி எடுத்தது போதாதுன்னு ஒரு கட்டிய முழுசா வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிட்டாரு. அவரு நெறையக் கேள்வி கேட்டாரு. சாராயம், புகையில, முன்னாடி வந்த வியாதின்னு எல்லாம். எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன். இவளுக்கு டாக்டரப் பாத்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்ல. "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறாங்களா?"ன்னு கேட்டப்ப, "அய்யா, தலைவலித் தைலம்கூடத் தொட மாட்டா, எங்க மச்சான் அனுப்புற மாசிதான் அவளுக்கு மருந்து"ன்னு சொன்னேன். டாக்டரே சிரிச்சுட்டாரு.

ஒண்ணும் பெருசா இருக்காது மச்சான். இருந்தாலும் பாத்துக்குவேன். நீங்க அங்க இருந்துக்கிட்டுக் கவலப்படாதீங்க.

இப்படிக்கு
ராஜரத்தினம்


கீழ் கோத்தகிரி
20.3.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தெய்வம்மா எழுதுறது. நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? என் உடம்பப் பத்தி நல்லதா எழுத ஆசைதான்.

வெட்டி எடுத்த கட்டியப் பாத்துட்டு, இது டி.பி. இல்லையாம். ஹாட்ஜ்கின்னு ஒரு வியாதியாம், நெறியில வர்ற புத்துநோய்ன்னு சொல்லிட்டாங்க. உங்க மாப்பிள்ளை விடாம, "அது எப்படிங்க சதையப் பாத்துச் சொல்றீங்க, எனக்கும் காட்டுங்க"ன்னு கேட்டு மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வந்தாரு. சின்னச் சின்னப் பொட்டா ஆயிரம் இருக்காம், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணு பெருசா, ரெண்டு கண்ணோட, ஆந்தை முழிக்கிற மாதிரி இருக்காம். அந்தப் பெரிய அணு இருந்தா இந்த வியாதின்னு அர்த்தமாம். வெளிய வந்து என்னப் பாத்துச் சிரிச்சாரு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல தண்ணி கொண்டாறேன்னு போனவரு ரொம்ப நேரம் வரல. போய்ப் பாத்தா குழாயடியில நின்னு அழுதுக்கிட்டு இருக்காரு. நான் பாக்காத மாதிரி திரும்பி வந்துட்டேன்.

அண்ணே, அன்னிக்கு வார்டு டாக்டரு வேற மருந்து உண்டான்னு கேட்டப்ப இவரு இல்லன்னு பெருமையாச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். தரையப் பாத்துக்கிட்டே நின்னேன். அந்த மாத்திரைக்கும் இதுக்கும் என்ன இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். இப்பவும் அதான் நெனைக்கிறேன்.

பம்பாயில இருந்து இன்னொரு பரிசோதனை வரணுமாம். வந்ததும் ஊசி மருந்து ஆரம்பிப்பாங்களாம். நீங்க அவருக்கு ஆறுதலா ஒரு காயிதம் போடுங்க.

தங்கச்சி
தெய்வம்மா


பொகவந்தலாவை
29.4.1984

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முத்துவேல் எழுதுறது. ஒங்க ரெண்டு பேரு சுகத்துக்கும் முருகன் துணை. காயிதம் போடச் சுணங்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க. இங்க இப்ப கொழுந்து கொள்ளை. காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் திரும்புறது. மழை வேற. போன வாரம் கீழ் லயத்துக்கு மேல மண்ணு சரிஞ்சு ஒரு மாட்டுக் கொட்டில் போயிருச்சு. மாடு தப்பிச்சிருச்சு. தேயிலைக்கு இந்த மழை நல்லதுன்னு தோட்டத்துத் துரை சொல்றாரு.

தெய்வம்மா விசயம் கேட்டு மனசு ஒடஞ்சு போச்சு. காத்தாயி ஒரு நாள் முழுக்க அடுப்புப் பத்த வைக்கல. டாக்டரு கேட்டா, எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு வியாதியும் கெடையாதுன்னு சொல்லுங்க. எங்கப்பா எழுவது வயசுல மரத்துலருந்து விழுந்துதான் செத்தாரு. தங்கச்சிக்குச் சின்னப் புள்ளையில அம்மைதான் போட்டுச்சு, வேற ஒண்ணும் இல்ல.

ஊசி போட்டாச் சரியாயிரும் மாப்பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க தெரியாமயா செய்வாங்க. மழை விட்டதும் விவரமா எழுதுறேன்.

முத்துவேல்


கோயமுத்தூர்
21.5.1984

மதிப்பிற்குரிய திரு. முத்துவேல் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் பெயர் சுசீலா. உங்கள் தங்கை தெய்வம்மா வந்துபோகும் மருத்துவமனையில், உடலிலிருந்து எடுத்த சதைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்லும் டாக்டர் நான். உங்கள் முகவரியை ராஜரத்தினத்திடம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் தங்கைக்கு ஹாட்ஜ்கின் நோய் என்று முதலில் எழுதியது நான்தான். இரண்டு உட்கருவோடு ஆந்தைக் கண் போலத் தெரியும் பெரிய உயிரணுக்கள் வெட்டி எடுத்த நெறிக்கணுவில் இருந்தன. அவற்றைச் சுற்றி வேறு பல அணுக்கள் கூடி நிற்பதும் அந்த நோயில் காண்பதுதான். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நோயில் கணுவின் இயல்பான அமைப்பு அழிந்துபோகும். இவருக்குப் பல இடங்களில் அது அழியாமல் இருந்தது. அதனால் மெழுகில் பதித்த துண்டைப் பம்பாய்க்கு அனுப்பினேன். அணுக்களின் மேல் உள்ள அடையாளப் பொருள்களைச் சாயமேற்றிக் காட்டும் முறை அங்கே புதிதாக வந்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் பெரட்டில் நிற்பவர்களில் வெளியாள் யார் என்று முகத்தை வைத்துச் சொல்வீர்கள். சந்தேகம் வந்தால் பேர்ச்சீட்டைக் கேட்பீர்கள். அது போலத்தான் இதுவும். இவருடைய பெரிய அணுக்களிடம் ஹாட்ஜ்கின் நோயின் அடையாளம் இல்லை. சாதாரண நிணநீர் அணுக்களின் அடையாளமே இருக்கிறது. அதாவது, உடம்பின் சொந்தக் காவல் அணுக்களே எதனாலோ சீண்டப்பட்டுப் பெருத்து, நோய் அணு போலத் தெரிகின்றன.

நான் நோயாளிகளைப் பார்ப்பது வழக்கமில்லை. இம்முறை வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபோது ஈறு வளர்ந்து பாதிப் பல்லை மூடியிருந்தது. நடையிலும் தள்ளாட்டம். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை ஈறை இப்படி வளர்க்கும். சிலருக்கு, அரிதாக, நெறிக்கட்டி வரவழைத்து ஹாட்ஜ்கின் நோய் போலவே ஏமாற்றவும் செய்யும். டி.பி. மருந்தோடு சேர்ந்தால் அதன் வீரியம் ஏறித் தள்ளாட்டமும் வரும். கணவரைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, வலிப்பு உண்டா, மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்டேன். "இல்லைங்க" என்றார். ஆனால் முந்தானையைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுத்திருந்தன.

வார்டு டாக்டர், இந்தப் புதிய சாய முறையை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மெய்யாகவே அந்த நோயாக இருந்தால் தாமதம் ஆபத்து. ஜூலை முதல் வாரம் ஊசி ஆரம்பமாகும். முடி உதிரும், வாந்தி வரும், குழந்தைப் பேறு இல்லாமலும் போகலாம். நோய் இல்லாதவருக்கு அதைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

உங்கள் தங்கைக்கு வலிப்பு உண்டா? உண்மையை நீங்கள்தான் சொல்ல முடியும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை மாற்றும் வாரங்களில் வலிப்பு திரும்ப வரலாம். வீட்டில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது.

அன்புடன்
டாக்டர் சுசீலா


கீழ் கோத்தகிரி
23.5.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தெய்வம்மா எழுதுறது. மதினி மூட்டு வலி எப்படி இருக்கு? புள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்களா?

அந்த லேடி டாக்டரு என்னத் தனியாக் கேட்டாங்க. வலிப்பு உண்டா, ஒளிக்காமச் சொல்லும்மா, மாத்திரையாலதான் கட்டி வந்திருக்கலாம்னு சொன்னாங்க. நல்லவங்க. என் தலையத் தடவுனாங்க. எனக்குச் சொல்லிறலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சு. வாசல்ல காபி டம்ளரோட இவரு வர்றது தெரிஞ்சிச்சு. இல்லன்னு சொல்லிட்டேன்.

பைத்தியக்காரின்னு திட்டுவீங்க. திட்டுங்க. ஆனா நான் யோசிச்சுத்தான் சொன்னேன். கழுத்துக் கட்டின்னதுலருந்து இவரு என்ன எப்படித் தாங்குறாருன்னு நீங்க பாக்கல. தண்ணி தூக்க விடுறதில்ல. குன்னூர் போய் ஆரஞ்சு வாங்கிட்டு வந்து உரிச்சு உரிச்சுத் தர்றாரு. முடி உதிர்ந்தா என்ன, துணி கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்கலாம்னு இவரே சொல்றாரு. புத்துநோய்க்காரிய ஆம்பள சுமப்பான் அண்ணே. வலிப்புக்காரிய ஊருக்குப் பயந்து எறக்கி வச்சிருவான். நான் புத்துநோய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்.

ஊசியால சாவு வந்தாலும் இவரு மடியில வரட்டும். அந்த லேடி டாக்டரு உங்க விலாசம் வாங்கியிருக்காங்கன்னு இவரு சொன்னாரு. என்ன எழுதுனாலும் பதில் போடாதீங்க. அம்மா மேல ஆணை.

தெய்வம்மா


தந்தி
(ஹட்டன் தபால் கந்தோரில் போஸ்ட் மாஸ்டர் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தது)
13.6.1984

டாக்டர் சுசீலாவுக்கு. தெய்வம்மாவுக்கு வலிப்பு உண்டு. பதினான்கு வயதிலிருந்து மாத்திரை. வெள்ளை மாத்திரை ஒரு வருடமாக. ஊசி போடாதீர்கள். முத்துவேல்.


பொகவந்தலாவை
14.6.1984

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முத்துவேல் எழுதுறது. சுகம் விசாரிக்கிற நெலமையில நான் இல்ல. இந்தக் காயிதத்த உக்காந்து படிங்க.

தெய்வம்மாவுக்கு வலிப்பு உண்டு. சின்ன வயசுலருந்து உண்டு. மாத்திரை தின்னா வராது. ஒங்களுக்கு அனுப்புற மாசி டின்னுக்கு அடியில அந்த மாத்திரையத்தான் நான் வச்சு அனுப்புறேன். அம்மா மறைக்கச் சொன்னாங்க, நாங்க மறச்சோம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தோம். அந்தச் சோத்த இத்தனை நாளாத் தின்னது நீங்க.

இப்ப அந்த மாத்திரைதான் அவ கழுத்துல கட்டியா நிக்குதுன்னு லேடி டாக்டரு எழுதியிருக்காங்க. வியாதி மாதிரி வேசம் போடுதாம். தெரியாம ஊசி போட்டா அவளுக்கு இல்லாத நோய்க்கு வைத்தியம் ஆயிரும். டாக்டருக்கு நேத்தே தந்தி அடிச்சுட்டேன். மாத்திரைய மாத்துறப்ப வலிப்பு வரலாம், கூட ஆள் வேணும்னு சொல்றாங்க. ஒங்கள விட்டா அவளுக்கு அங்க யாரு?

சொல்லாதன்னு அம்மா மேல ஆணை வச்சு எழுதியிருந்தா. ஒரு வாரம் அந்தக் காயிதத்த மடியில வச்சுக்கிட்டுப் பெரட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். காத்தாயிதான், "செத்தவளுக்குக் குடுத்த வாக்குக்காக இருக்குறவளச் சாவக் குடுக்கப் போறியா"ன்னு கேட்டா. அப்பவே ஹட்டனுக்கு பஸ் ஏறிட்டேன்.

கோவம் வந்தா என்மேல காட்டுங்க. அவள அடிக்காதீங்க. வேணாம்னு நெனச்சா ஒரு வரி எழுதுங்க, கடன்பட்டாவது நான் வந்து கூட்டிக்கிறேன். எப்படிக் கூட்டிக்கிறதுன்னு எனக்கே தெரியல. அவ இந்தியக்காரி, நான் சிலோன்காரன்.

முத்துவேல்


பொகவந்தலாவை
30.7.1984

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறது. ஆடியும் பொறந்து பாதி போயிருச்சு. நீயும் எழுதல, மாப்பிள்ளையும் எழுதல. பேச்சியம்மா பேருக்குப் போட்ட காயிதத்துக்கும் பதில் இல்ல. தபால்காரன் சில்வஸ்டரு என்னத் தூரத்துல கண்டாலே கைய விரிச்சுக் காட்டிட்டுப் போறான்.

ஆணைய மீறிட்டேன் புள்ள. அம்மா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ என்னத் திட்டியாவது நாலு வரி எழுது. எங்க இருக்க, யார் வீட்டுல இருக்க, அத மட்டுமாவது எழுது.

அண்ணன்


கீழ் கோத்தகிரி
12.8.1984

மச்சானுக்கு,

ராஜரத்தினம் எழுதுறது. எல்லாரும் சுகமா இருங்க. இத்தன நாள் எழுதாதது வேணும்னுதான். எழுதியிருந்தா தப்பா எழுதியிருப்பேன்.

உங்க காயிதம் வந்த அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. "உனக்கு வலிப்பா?"ன்னு கேட்டேன். கையில இருந்த முறத்தக் கீழ வைக்காமலே ஆமான்னா. அழுவல, கால்ல விழுவல. எந்திரிச்சுப் போயி அவ துணியெல்லாம் மடிச்சுப் பையில வைக்க ஆரம்பிச்சா. நான் போன்னு சொல்லவே இல்ல மச்சான். அதுக்குள்ள பையக் கட்டிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் பையத் தூக்கி வெளிய எறிஞ்சிட்டு, கூட்டாளி லிங்கசாமி வீட்டுக்குப் போயிப் படுத்துட்டேன். மூணு நாலு நாள் அங்கயே கெடந்தேன். ஆத்தா வேற காதுல ஓதுனாங்க, அண்ணனுக்கு நடந்ததே உனக்கும் நடந்துச்சுல்லன்னு. அண்ணிய அனுப்புன அன்னிக்கு நான் சின்னப் பையன், எனக்கு ஒண்ணும் சொல்ல வாயில்ல. இன்னிக்கு இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா, அவ துணிப்பைய எடுத்து வச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கா. உள்ளயும் போகல, வெளியவும் போகல. கைய புடிச்சு நேரா கோயமுத்தூருக்கு பஸ் ஏத்திட்டேன்.

லேடி டாக்டரு உங்க தந்திய வார்டு டாக்டர்கிட்ட காட்டி ஊசிய நிறுத்தி வச்சிருந்தாங்க. வெள்ளை மாத்திரையக் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திட்டு வேற மாத்திரை குடுத்திருக்காங்க. அவங்க சொன்ன மாதிரியே ரெண்டாம் வாரம் வலிப்பு வந்திச்சு. பகல்ல, குழாயடியில, ஊரே பாக்க. நான் தலையத் தாங்கி ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். முடிஞ்சு கண்ண முழிச்சதும், சுத்தி நின்ன சனங்களப் பாக்கல, என் முகத்தத்தான் பாத்தா. அப்புறம் வரல.

கட்டி கரையுது மச்சான். மிச்சமிருந்த ரெண்டுல ஒண்ணு தொட்டாத் தெரியல. லேடி டாக்டரு விரலால தடவிப் பாத்துட்டு, "என் கண்ணு ஏமாந்திருச்சு, நல்லவேளை"ன்னாங்க. இன்னும் ரெண்டு வருசம் விடாம வந்து காட்டணுமாம். சிலருக்குப் பின்னாடி மெய்யாவே அந்த வியாதி வர்றதும் உண்டாம்.

எல்லாம் சரி. எனக்கு ஒண்ணுதான் ஆறல. வலிப்புக்காக இல்ல, பொய்க்காகக்கூட இல்ல. முடி கொட்டுற மருந்த, புள்ள பெறமுடியாமப் பண்ற மருந்த, சாவக் குடுக்குற மருந்த ஒடம்புல ஏத்திக்கத் துணிஞ்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் துணியல. நான் அவ்வளவு பொல்லாதவனா மச்சான்? மூணு வருசமா ஒரு தட்டுல சாப்பிடுறோம். அவகிட்ட கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறா. உங்களுக்கு எழுதுனாலும் எழுதுவா. எழுதுனா எனக்குச் சொல்லுங்க.

ராஜரத்தினம்


கீழ் கோத்தகிரி
10.9.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி தெய்வம்மா. உங்க காயிதம் ரெண்டும் கெடச்சிச்சு. மதினிக்கு என் கும்பிடு. அவங்க கேட்ட கேள்விக்கு அம்மாவும் பதில் சொல்ல மாட்டாங்க. ஆணைய மீறுனதுக்கு உங்க மேல மொதல்ல ஒரு மாசம் கோவமா இருந்தேன். இப்ப இல்ல. சாப்பாடு இறங்குது, ஈறு வத்துது. பல்லு தெரியுது.

அவரு உங்களுக்கு எழுதுனத, தபால்ல போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுனாரு. நான் அவ்வளவு பொல்லாதவனான்னு கேட்டிருக்காரு பாருங்க, அதப் படிச்சப்புறம் எனக்கு வேலையே ஓடல. அந்த மனுசனப் பாத்து நான் ஒரு நாளும் பயந்ததில்ல அண்ணே. அதச் சொன்னா, அப்புறம் எதுக்குப் பயந்தன்னு கேப்பாரு. அதுக்குத்தான் வாயத் தொறக்கல.

நேத்து ஞாயித்துக்கிழமை கவ்வாத்துக் கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல போயி உக்காந்து சொல்லிட்டேன். புருசன் வேணாம்னு சொன்னா இந்த ஊருப் பொண்ணுங்க அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் பொறந்த வீட்டுக்குப் போயிரும். எனக்கு பஸ்ஸு எங்க? அம்மா செத்துட்டாங்க. அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம், அங்க எறங்க எனக்குப் பாஸ்போட்டு கெடையாது. கப்பல்ல வந்து எறங்குனப்ப மண்டபம் கேம்ப்புல எங்களுக்குக் குடுத்த கொட்டாயில இப்ப வேற யாரோ இருக்காங்க. அன்னிக்குப் பையக் கட்டி வாசல்ல உக்காந்தேனே, உங்களுக்காகக் காத்திருக்கல. எந்தப் பக்கம் நடக்குறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். செத்தா இங்கயே பொதச்சிருவீங்க, அனுப்ப மாட்டீங்க, அதான் ஊசிக்குச் சம்மதிச்சேன். இப்படிச் சொன்னேன் அண்ணே.

அவரு தீட்டுறத நிறுத்திட்டாரு. கத்தியக் கீழ வச்சாரு. அப்புறம், "அப்ப நான் அன்னிக்கு கோவிச்சுக்கிட்டு எங்க போனேன் பாத்தியா? நாலு வீடு தள்ளி லிங்கசாமி திண்ணைக்கு. நானும் கப்பல்ல வந்தவன்தானே, எனக்கு மட்டும் வேற எங்க இருக்கு புள்ள?"ன்னு கேட்டாரு.

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம் அண்ணே. நீங்களும் பத்திரமா இருங்க.

தெய்வம்மா